ஐஸ் ஹாக்கி நகைச்சுவைப் படங்கள்: கேள்வி பதில்

ஐஸ் ஹாக்கியை வைத்து எடுத்த நகைச்சுவைப் படங்களைப் பாருங்கள் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதைக் கேட்டு, தென்னாப்பிரிக்காவில் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஜோகன்னஸ்பர்க் பக்கங்களிலிருந்து வந்த கேள்விகள் இவை.

நமக்கு ஹாக்கி என்றால் தரையில் ஆடுவதுதான். விதி தெரியாமல் ரசிக்க முடியுமா? (சாட்ஸ்வொர்த், ஓர் ஆசிரியை)

தாராளமாக முடியும் டீச்சர். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர், ஒரு கோல்கீப்பர். இருபது நிமிடமாக மூன்று பகுதி. தப்பு செய்தவர் ஓரத்தில் இருக்கும் பெனால்டி பாக்ஸில் போய் உட்கார வேண்டும். சின்னத் தப்புக்கு 2 நிமிடம், சண்டைக்கு 5. இது போதும். சிரிப்பில் பாதி அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. பல் போன ஆறடி ஆள், வகுப்புக்கு வெளியே நிறுத்திய பையன் மாதிரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 1977-இல் வந்த ‘ஸ்லாப் ஷாட்’ தொடங்குவதே இதில்தான். பிரெஞ்சு வாடை அடிக்கும் ஆங்கிலத்தில் ஒரு கோல்கீப்பர் டிவி பேட்டியில் விளக்குகிறார்: பெட்டிக்குள் போவோம், தனியாக இருப்போம், வெட்கப்படுவோம், அப்புறம் விடுதலை. அவர் முகத்தில் துளிச் சிரிப்பு இல்லை.

ரத்தம் வர அடித்துக்கொள்வதில் என்ன நகைச்சுவை? என் மனைவி பாதியிலேயே எழுந்து போய்விட்டாள். (லெனேசியா)

அண்ணே, அவர் எழுந்து போனதில் நியாயம் இருக்கிறது. அடியும் கெட்ட வார்த்தையும் நிறைய. ஆனால் சிரிப்பு அடியில் இல்லை. அடிக்கும்கூட ஒரு முறை வைத்திருக்கிறார்களே, அதில் இருக்கிறது. வட அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்தில் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு மோதுவார்கள், இருவரும் களைக்கும்வரை நடுவர்கள் பெரும்பாலும் காத்திருப்பார்கள், பிறகு ஆளுக்கு 5 நிமிடம். ‘ஸ்லாப் ஷாட்’டில் ஆட்டம் தொடங்கும் முன்பே அடிதடி. அடுத்த காட்சியில் அதே ஆட்கள் ரத்தம் வழிய வரிசையில் நின்று தேசிய கீதம் கேட்கிறார்கள். அணியின் முரட்டு ஆட்டக்காரர்களான ஹான்சன் சகோதரர்கள் மூவரில் ஒருவரை நடுவர் வந்து எச்சரிக்கிறார். ஹான்சனுக்குக் கோபம் வந்துவிடுகிறது, பாட்டைக் கேட்க விடமாட்டேன் என்கிறாரே என்று!

ரத்தம் ஒத்துக்கொண்டால் ‘கூன்’ (2011) பாருங்கள். அடியாள் வேலைக்கென்றே அணியில் சேர்க்கப்படும் டக் கிளாட், படத்திலேயே மிகவும் மரியாதையான ஆள். சகோதரனைக் கேவலப்படுத்தும் சொல் ஒன்றைக் கேட்டுக் கை நீட்டியதில்தான் அவன் வாழ்க்கை திரும்புகிறது. தன்னை அடிக்கப்போகிற மூத்த முரடனோடு ராத்திரி ஓட்டலில் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் காட்சியில் ஒரு குரலும் உயராது. படத்திலேயே சிறந்த இடம் அது.

‘ஸ்லாப் ஷாட்’டை ஏன் இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறீர்கள்? (டர்பன் பீனிக்ஸ், ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்ந்த அம்மா)

அம்மா, அந்தப் படம் உங்களுக்கு என்னைவிட நன்றாகப் புரியும். ஊரில் எஃகு ஆலை மூடப்போகிறது, வேலை போனால் டிக்கெட் வாங்க ஆள் இல்லை, அதனால் அணியும் போகப்போகிறது. பால் நியூமன் ஆடும் வயதேறிய ஆட்டக்காரர்-பயிற்சியாளர், அணியை ஃபுளோரிடாவில் யாரோ வாங்கப்போகிறார்கள் என்று பொய்யைப் பரப்பிப் பையன்களைச் சண்டைக்குத் தூண்டுகிறார். கூட்டம் கூடுகிறது, காசும் வருகிறது. கடைசியில் முதலாளி அம்மாவைத் தேடிப் போகிறார். அவரோ, விற்பதைவிட மூடினால் வரியில் லாபம் என்று தன் வீட்டில் உட்கார்ந்தபடி அமைதியாகச் சொல்கிறார். 1990-களில் இறக்குமதித் துணி வந்து குவிந்தபோது டர்பன் ஆலைகளில் வேலை இழந்த பெண்கள் கேட்ட பேச்சும் அந்தத் தொனியில்தான் இருந்தது. பனியில் விழுந்து புரளும் அந்த ஆட்களைப் பார்த்துச் சிரிக்கும்போதே அவர்கள் பக்கம் நிற்கத் தோன்றுகிறதே, அதற்குக் காரணம் இந்தக் காட்சிதான்.

கதையை எழுதிய நான்சி டவுடின் தம்பி, ஜான்ஸ்டவுன் ஜெட்ஸ் அணியில் ஆடியவர். படப்பிடிப்பும் பெரும்பாலும் பென்சில்வேனியாவின் அந்த எஃகு ஊரிலேயே. ஹான்சன்களாக வரும் மூவரும் நிஜ ஆட்டக்காரர்கள். அதனால்தான் அந்த விழுதல்களில் நடிப்பு தெரியவில்லை.

பிள்ளைகளோடு பார்க்க?

‘தி மைட்டி டக்ஸ்’ (1992). குடித்துவிட்டுக் கார் ஓட்டி மாட்டிய வக்கீல், தண்டனையாகச் சிறுவர் அணிக்குப் பயிற்சியாளர் ஆகிறார். எங்கே போகும் என்று முன்பே தெரிந்துவிடும். பிள்ளைகளுக்கு அது குறையே இல்லை. அடுத்த ஆண்டே டிஸ்னி அந்தப் பெயரில் நிஜமான தொழில்முறை அணியையே இறக்கியது.

நம் இந்தியப் பிள்ளைகள் ஆடும் படம் இருக்கிறதா அண்ணா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க், கல்லூரி மாணவன்)

இருக்கிறது தம்பி, ‘பிரேக்அவே’ (2011). டொராண்டோ சீக்கிய இளைஞர்கள், தலைப்பாகையா ஹெல்மெட்டா என்ற சிக்கல், மகன் இதில் இறங்குவது பிடிக்காத அப்பா. ஹாக்கி சுமார். அப்பா-மகன் சண்டை மட்டும் நம் வீட்டில் நடப்பதுபோலவே இருக்கும்.

இங்கே நேரில் பார்க்க முடியுமா?

முடியும். தென்னாப்பிரிக்கா 1937 முதலே சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பில் உறுப்பினர். கேப் டவுனில் கிராண்ட்வெஸ்ட், ஜோகன்னஸ்பர்க் பக்கம் கெம்ப்டன் பார்க் என்று ஐஸ் அரங்குகள் உண்டு. டிசம்பர் வெயில் என்று நினைத்துச் சட்டையோடு போகாதீர்கள், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

எதில் தொடங்கலாம்?

முதலில் ‘கூன்’, அப்புறம் ‘ஸ்லாப் ஷாட்’. சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள். நல்ல வசனமெல்லாம் கூட்டத்தின் கூச்சலுக்கு நடுவே முணுமுணுப்பாகத்தான் வரும்.