தமிழ்ச் செய்திகளின் தரம் கெட்டதற்குப் பரபரப்பும் பண ஆசையும்தான் காரணமா? கிளிக் பண்ணும் வாசகர்களுக்கும் பங்கில்லையா?

பெரும்பாலும் பணம்தான். ஆனால் பரபரப்பு என்று பொதுவாகத் திட்டிவிட்டுப் போனால் எது பிழை என்று பிடிபடாது. நான் இலங்கையின் திருகோணமலை, சுருக்கமாகத் திருமலை. எங்கள் ஊரில் நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

2006 ஜனவரி 2ஆம் திகதி இங்கே கடற்கரையில் 5 தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த கைக்குண்டே வெடித்துவிட்டது என்று படைத்தரப்பு சொன்னது. சுடர் ஒளி நிருபர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் உடல்களைப் படமெடுத்தார். துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் அதில் தெளிவாகத் தெரிந்தன. படங்கள் வெளிவந்தபின் கைக்குண்டுக் கதை நிற்கவில்லை. அதே மாதம் 24ஆம் திகதி, வேலைக்குப் போக பஸ்ஸுக்குக் காத்து நின்றவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

அவர் எடுத்ததும் பிணத்தின் படம்தான். பார்க்கவே மனம் பொறுக்காத படம். ஆனால் அதைப் பரபரப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தக் காயங்களைக் காட்டாமல் பொய்யை உடைக்க வழியில்லை.

இப்போது சல்லியிலோ நிலாவெளியிலோ ஒரு பெடியன் கடலில் மூழ்கினால், உடல் கரைக்கு வந்த கையோடு படம் போனில் சுற்றத் தொடங்கிவிடுகிறது. அழுது புரளும் தாயின் முகம், அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம், மேலே மஞ்சள் எழுத்தில் "சற்று முன் திருமலையை உலுக்கிய சம்பவம்". பெடியன் எந்த இடத்தில் இறங்கினான், அங்கே எச்சரிக்கைப் பலகை இருந்ததா, காப்பாற்ற ஆள் இருந்ததா, ஒன்றும் இராது. தாயின் முகம் எதற்கு ஆதாரம்?

யூடியூப்பில் காணொளி 8 நிமிடமாவது ஓடினால்தான் நடுவில் விளம்பரம் போடலாம். இரண்டு வரிச் செய்தியை ஏன் அப்படி இழுக்கிறார்கள் என்பது இப்போது விளங்கும். அப்படி இழுக்க, சம்பவம் நடந்த மூதூருக்கு பஸ் ஏறத் தேவையில்லை, பொலிஸுக்கு ஒரு போன் எடுக்கக்கூடத் தேவையில்லை. 2020 டிசம்பரில் புரெவி புயல் குச்சவெளி, திரியாய்ப் பக்கமாகக் கரை கடந்தபோது எங்களுக்குத் தெரியவேண்டியிருந்தது காற்றின் வேகமும், எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்கலாம் என்பதும்தான். போனில் வந்ததோ எந்த நாட்டிலோ எடுத்த கடல் கொந்தளிப்பு, "இப்போது திருமலையில்" என்ற தலைப்போடு. 2004 சுனாமியைக் கண்ட சனத்துக்கு அப்படி ஒரு படத்தை அனுப்புவது சாதாரண காரியமா?

பத்திரிகைகளை முழுதாகக் குறை சொல்ல மனம் வரவில்லை. விளம்பரக் காசில் பெரும் பங்கு கூகுளுக்கும் பேஸ்புக்குக்கும் போய்விட்டது. 2022இல் டொலர் இல்லாமல் அச்சுத் தாளுக்கே தட்டுப்பாடு. கடைசியில் அடி விழுவது பிரதேச நிருபருக்கு. அனேகமாக அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது, வெளிவந்த செய்திக்குத்தான் காசு. கொலை, விபத்து என்றால் படத்தோடு வரும். கிண்ணியாவில் ஒரு காணிப் பிரச்சினைக்காக இரண்டு கிழமை அலைந்து, கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், கடிதம் தேடி எடுத்து எழுதினால் அது வராமலே போகலாம். பெற்றோல் காசும் கைவிட்டுப் போகும். வீட்டில் பிள்ளை குட்டி இருக்கிற மனுசன் எதை எழுதுவார்?

சரி, வாசகர் பங்கு. ஊர்ப் பெயரும் மரணமும் ஒரே தலைப்பில் வந்தால் கை தானாகப் போகத்தான் செய்யும். பிள்ளைகள் கனடாவில், தாய் தகப்பன் உப்புவெளியில் என்று வாழ்கிற சனம் நாங்கள். எங்கள் ஆளோ என்ற பதைப்பில்தான் திறந்து பார்க்கிறோம். அந்தப் பதைப்பைத்தான் காசாக்குகிறார்கள். இதில் பழியைச் சமமாகப் பங்கிட நான் தயாரில்லை. தலைப்பில் ஊரை மட்டும் போட்டு, யார், எங்கே என்பதை மறைத்து, "முழு விபரம் உள்ளே" என்று எழுதுகிறவருக்குத் தான் என்ன செய்கிறார் என்பது நன்றாகத் தெரியும்.