முற்றத்துக் கல் மேடும் பள்ளமுமாக இருக்கிறது, கான்ட்ராக்டர் மேல் கேஸ் போடலாமா?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் சொந்த வீடு. பின்பக்க முற்றத்தில் ஓசூர் கான்ட்ராக்டர் ஒருவர் சாதரஹள்ளி கிரானைட் கல் பதித்தார். நாலு மழைக்கே கல் அங்கங்கே இறங்கி, வீட்டுச் சுவர் பக்கம் தண்ணீர் தேங்குகிறது. அம்மா தடுக்கி விழுந்துவிட்டார். கான்ட்ராக்டரைக் கேட்டால், "இயற்கைக் கல்லுன்னா அப்படித்தான்" என்கிறார். பாக்கி 30,000 ரூபாயைக் கொடுத்தால்தான் வருவாராம்.

பதில்: கோபத்தில் வேறு மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கல்லைப் பெயர்த்துவிடாதீர்கள், உங்களுக்கு இருக்கும் பெரிய சாட்சியே அந்தத் தரைதான்.

அவர் சொல்வதில் பாதி சரி. கொத்திய கல்லின் முகம் சொரசொரப்பாகத்தான் இருக்கும், அதற்கு நஷ்டஈடு கிடைக்காது. ஆனால் ஒரு கல்லின் விளிம்பு பக்கத்துக் கல்லைவிட விரல் கனம் தூக்கி நிற்பதும், தண்ணீர் ஓடும் வாட்டம் சுவரைப் பார்த்து இருப்பதும் கல்லின் குணமே இல்லை. அடிமண்ணைத் திமிசு போட்டு இறுக்காமல், மட்டம் பார்க்காமல் பதித்தால் இப்படித்தான் ஆகும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி இது சேவைக் குறைபாடு.

மழை விட்டதும் தேங்கிய தண்ணீரை வீடியோ எடுங்கள். நூல் பிடித்து, ரசமட்டம் வைத்து, ஸ்கேல் தெரிகிற மாதிரி போட்டோவும் வேண்டும். ஒரு சிவில் இன்ஜினியரிடம் குறை என்ன, கல்லை எடுத்துத் திரும்பப் பதிக்க என்ன செலவு என்று கையெழுத்தோடு வாங்கிவிடுங்கள், கேஸில் இதற்குத்தான் மதிப்பு அதிகம். அம்மாவின் மருத்துவ பில்லையும் சேருங்கள். வாட்ஸ்அப் பேச்சை அழிக்க வேண்டாம். தாக்கல் செய்யும்போது போட்டோ, வீடியோ, வாட்ஸ்அப் போன்ற மின்னணு ஆதாரங்களுக்குச் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 63-ஆம் பிரிவின் சான்றிதழும், தமிழில் இருப்பதற்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் வைத்துவிடுங்கள்.

அப்புறம் ஸ்பீட் போஸ்டில், பதிவு (ரெஜிஸ்ட்ரேஷன்) வசதியும் டெலிவரி சான்றும் சேர்த்து நோட்டீஸ். 15 நாளில் வந்து சரிசெய்ய வேண்டும், இந்தக் குறைக்காகத்தான் 30,000 நிறுத்தியிருக்கிறேன், சரியானதும் தருகிறேன் என்று தெளிவாக எழுதுங்கள். சும்மா பணத்தைப் பிடித்து வைத்தால் பாக்கிக்காரர் நீங்கள்தான் என்று அவர் திருப்பிவிடுவார்.

வரவில்லையா, கேஸ் போடுங்கள். ஓசூருக்கு அலைய வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி நீங்கள் குடியிருக்கும் பெங்களூரின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். கான்ட்ராக்டருக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கேஸ் போடக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். குறை தெரிந்து 2 வருடம் தாண்டக் கூடாது. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகார் சொல்லியும் பார்க்கலாம்.

நோட்டீஸ் போனதும் மெஷின் வைத்துத் தேய்த்துத் தருகிறேன் என்று வருவார், ஒப்புக்கொள்ளாதீர்கள், அடிமண் இறங்கினால் கல்லும் மறுபடி இறங்கும். எடுத்துப் பதிக்கட்டும். பதித்தபின் பைப் போட்டுத் தண்ணீர் விட்டு, அது சுவரைவிட்டு ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் பாக்கியைக் கொடுங்கள், அதுவும் பேங்க் வழியாக.