பாதியில் நின்றவர்களின் பொறுமை

கேள்வி: தொழிற்கல்வியில் சேரும் மாணவர்களில் பலர் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்பதுதானே காரணம்?

பதில்: பொறுமை என்று எழுதிவிட்டீர்கள், அதைப் பயிற்சிக்கூடத்திலேயே வைத்துப் பார்ப்போம். இயந்திரப் பாகங்களைச் சீராக்கிப் பொருத்தும் ஃபிட்டர் பிரிவு மாணவனின் தொடக்கப் பாடம், இரும்புத் துண்டை வைஸ் என்னும் பிடிப்புக் கருவியில் இறுக்கி அரத்தால் ராவுவது. தோள் வலிக்க ராவிய பரப்பின் மேல் மூலைமட்டத்தை வைத்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒளி கசியும் இடத்தில் இன்னும் பள்ளம் இருக்கிறது என்று காட்டித்தர ஓர் ஆசிரியர் பக்கத்தில் இருந்தால், மறுநாள் அந்த மாணவன் தானாகவே அரத்தை எடுப்பான். காட்டித்தர ஆளில்லாதபோது அதே வேலை தண்டனையாகிவிடுகிறது. லேத் என்னும் ஒரு கடைசல் இயந்திரத்தைச் சுற்றி இருபது பேர் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, மீதி நேரமெல்லாம் கரும்பலகையைப் பார்த்து எழுதும் வகுப்பிலிருந்து ஒருவன் விலகினால், அவனைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நிறுவனத்தில் உதவித்தொகையோடு வேலைப் பயிற்சி, பள்ளியில் பாடம் என்று இரண்டையும் இணைத்து நடத்தும் ஜெர்மனியிலேயே, அண்மை ஆண்டுகளில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பயிற்சி ஒப்பந்தங்கள் காலம் முடியுமுன் முறிகின்றன. ஆனால், அப்படி விலகியவர்களில் கணிசமானோர் வேறு நிறுவனத்திலோ வேறு தொழிலிலோ மீண்டும் பயிற்சியில் சேர்ந்துவிடுகிறார்கள். தொடக்கத்தில் 1 முதல் 4 மாதம் வரை சோதனைக்காலம் உண்டு. அதன் பிறகும், தொழிலை மாற்றிக்கொள்ள விரும்பும் மாணவர் 4 வார முன்னறிவிப்புக் கொடுத்து விலகலாம். தவறான தேர்வைத் திருத்திக்கொள்ளச் சட்டமே அங்கே வழி வைத்திருக்கிறது.

மதிப்பெண் குறைந்தவனைத் தொழிற்கல்விக்குத் தள்ளிவிடும் பெரியவர்களோடு இந்தப் பக்கத்தில் நான் ஓயாமல் சண்டையிட்டு வருகிறேன், இனியும் சண்டையிடுவேன். மின்பணி வேண்டும் என்றவனை, இடம் காலியாக இருக்கிறது என்பதற்காக வெல்டிங்கில் உட்காரவைத்துவிட்டு, அவன் நின்றதும் அக்கறையில்லாதவன் என்று பெயர் சூட்டுவது அநியாயம்.

வறுமையும் உண்டு. வயரிங் பாதி கற்றவனை ஒப்பந்தக்காரர் தினக்கூலிக்கு அழைக்கும்போது, வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்பதால் அவன் போய்விடுகிறான்; சான்றிதழ் இல்லாததால் பிறகு பல ஆண்டுகள் உதவியாளாகவே காலம் தள்ளுகிறான். அவனுக்காகக் கல்லூரிகள் மாலை வகுப்பு நடத்தலாம், விட்ட இடத்திலிருந்து தொடர அனுமதிக்கலாம். அதற்கும் முன்னால், ஒரு மாணவன் தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால், பதிவேட்டிலிருந்து பெயரை அடிக்குமுன் அவனைத் தொலைபேசியில் அழைத்து என்ன நேர்ந்தது என்று கேட்கும் கடமையை ஆசிரியர் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும்.