கூட யாரும் இல்லாத பிரசவம்: நீங்கள் கேட்டவை

கேள்வி: கணவர் துபாயில். அம்மா இல்லை. மாமியாரோடு பேச்சுவார்த்தை இல்லை. பக்கத்து வீட்டு அக்காவை லேபர் ரூமுக்குள் விடுவார்களா?

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவ நேரத்தில் ஒரு பெண் துணை கூட இருக்கலாம் என்ற ஏற்பாடு 2004 முதலே இருக்கிறது. சொந்தக்காரரைத்தான் எதிர்பார்ப்பார்கள், அதனால் எட்டாம் மாத செக்கப்புக்கே அந்த அக்காவைக் கூட்டிக்கொண்டு போய் "இவங்கதான் என்கூட இருப்பாங்க" என்று நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். பிள்ளை பெற்றவராக இருந்தால் நல்லது, வலியைப் பார்த்து உங்களுக்கு முன்னால் அவர் அழ மாட்டார். தனியார் மருத்துவமனை என்றால் இடத்துக்கு இடம் மாறும், முன்பே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: கையெழுத்துப் போட ஆளில்லாமல் சிசேரியன் செய்ய மாட்டார்களாமே?

இந்தப் பயத்தில் வலியோடு வீட்டிலேயே உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். பதினெட்டு வயது முடிந்து சுயநினைவோடு இருந்தால் உங்கள் கையெழுத்து போதும். 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஒரு வழக்கில், மயக்க மருந்தில் இருந்த பெண்ணின் கர்ப்பப்பையை அவருடைய அம்மாவிடம் சம்மதம் வாங்கி எடுத்திருந்தார்கள். வயதுவந்த பெண்ணுக்குப் பதிலாக அம்மா சொன்ன சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். பெற்ற அம்மாவுக்கே அப்படி என்றால் கணவருக்கு மட்டும் தனி உரிமை எங்கிருந்து வரும்? மருத்துவமனைக்காரர்கள் "அட்டெண்டர் எங்கே" என்று கேட்பதற்குப் பாதி காரணம் கையெழுத்தே இல்லை. மருந்து வாங்க, ரத்தத்துக்கு ஓட, குழந்தையைக் கையில் வாங்க ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். அதற்கு யாராவது இரண்டு பேரிடம் முன்பே பேசிவைத்து அவர்கள் நம்பரைச் செக்கப் அட்டையிலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: ராத்திரி தனியாக இருக்கும்போது வலி வந்தால்?

தலைப்பிரசவத்துக்கு, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வலி வந்து ஒவ்வொன்றும் ஒரு நிமிஷம் போல நின்று, ஒரு மணி நேரமாக அப்படியே இருந்தால் கிளம்புங்கள் என்பது பொதுக்கணக்கு. தனியாக இருப்பவர் அவ்வளவு காத்திருக்க வேண்டாம், சந்தேகம் வந்தாலே 108. பனிக்குடம் உடைந்தாலோ ரத்தம் பட்டாலோ குழந்தையின் அசைவு குறைந்தாலோ கணக்கெல்லாம் பார்க்கவே கூடாது. கதவுத் தாழ்ப்பாளைத் திறந்து வைத்துவிட்டு உட்காருங்கள், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: கல்யாணம் ஆகவில்லை. பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் கேட்பார்களா?

கேட்கலாம். சொல்லித்தான் ஆக வேண்டும் என்றில்லை. திருமணமாகாத தாய் பிரமாணப் பத்திரம் கொடுத்தால் சான்றிதழ் தர வேண்டும் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் சங்கடப்பட்டுக்கொண்டு கர்ப்பத்தைப் பதியாமல் இருந்துவிடாதீர்கள், கர்ப்பத்தைப் பதியும்போது தரும் பிக்மி எண் இல்லாவிட்டால் பிறகு சான்றிதழுக்கு நீங்கள்தான் அலைய வேண்டியிருக்கும்.

கேள்வி: பிரசவம் முடிந்த பிறகு தனியாகச் சமாளிக்க முடியுமா?

முடியும், ஆனால் முதல் நாள் கவனமாக இருங்கள். முதல் தடவை பாத்ரூமுக்குத் தனியாக மட்டும் எழுந்து போகாதீர்கள், தலைசுற்றி விழுந்தவர்கள் நிறைய. கூச்சப்படாமல் நர்ஸைக் கூப்பிடுங்கள், அவர் வேலையாக இருந்தால் பக்கத்துக் கட்டிலுக்குத் துணைக்கு வந்திருக்கும் பாட்டியைக் கூப்பிடுங்கள். அரசு ஆஸ்பத்திரி வார்டில் அப்படி ஒரு பாட்டி எப்படியும் இருப்பார், நீங்கள் கூப்பிடுவதற்கு முன்னாலேயே "உனக்கு யாரும்மா வந்திருக்கா?" என்று விசாரித்தும் இருப்பார்.