மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டத் துணை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டுமா, தனியாகவே போகலாமா?

கோத்தகிரிக்கு மாற்றலாகி வந்து ஆறு மாதங்கள் ஆகின்றன என்றும், ஆசையாக வாங்கிய மலைச் சைக்கிள் கூட வர ஆளில்லாமல் வராந்தாவிலேயே நிற்கிறது என்றும், தனியாகப் போக வீட்டில் ஒப்புக்கொள்ளவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் குன்னூரில் இருந்துகொண்டு பதினோர் ஆண்டுகளாக இந்த மலையில் ஓட்டுகிறேன். முதல் மூன்று ஆண்டுகள் முழுக்கத் தனியாகத்தான் ஓட்டினேன். அதை வைத்துச் சொல்கிறேன்: எல்லாப் பாதைக்கும் துணை தேட வேண்டியதில்லை. தார்ச்சாலையிலும் ஆள் நடமாட்டமுள்ள எஸ்டேட் சாலையிலும் நாளைக்கே நீங்கள் கிளம்பலாம். செங்குத்தாக இறங்கும் மண்பாதைக்கு மட்டும், அதை முன்பே ஓட்டிப் பழகிய ஒருவர் கூட வரும்வரை பொறுத்திருங்கள்.

ஏற்றத்தில் துணை பெரும்பாலும் பயன்படுவதில்லை. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கோத்தகிரி சுமார் 1,800 மீட்டரில் இருக்கிறது. இடையிலுள்ள 33 கிலோமீட்டர் சாலையில் ஒவ்வொருவரும் தம் மூச்சுக்கும் தம் முழங்காலுக்கும் ஏற்ற வேகத்தில்தான் ஏற முடியும். கூட வருபவரின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முயன்றால் பாதி மலையிலேயே கால் சோர்ந்துவிடும். அவருக்காக மெதுவாக மிதித்தாலோ உடல் சூடு ஆறிவிடும். தென்னாப்பிரிக்காவில் 2004 முதல் நடந்துவரும் கேப் எபிக் என்ற மலைச் சைக்கிள் போட்டியில் இருவர் இருவராகத்தான் ஓட்ட வேண்டும், ஓர் இணையின் இருவருக்கிடையே இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி விழக்கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். விட்டால் பயிற்சி பெற்றவர்கள்கூடச் சேர்ந்து ஏறமாட்டார்கள் என்பதால்தான் அப்படியொரு விதி தேவைப்பட்டிருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

இறக்கத்தின் கணக்கு வேறு. எனக்கு நேர்ந்த ஒரே பெரிய விபத்து, தனியாகப் போனபோது நேர்ந்ததன்று. ஓர் எஸ்டேட் பாதையில் நாங்கள் நான்கு பேர் இறங்கிக்கொண்டிருந்தோம். எனக்கு முன்னால் போனவர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். அந்தப் பாதையின் குறுக்கே ஒரு வடிகால் உண்டு. தனியாக வந்த நாட்களிலெல்லாம் அந்த இடத்தில் இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கடப்பதுதான் என் வழக்கம். அன்று அவர் தாண்டியதைப் பார்த்து நானும் தாண்டப் போனேன். முன்சக்கரம் வடிகாலின் விளிம்பில் சிக்கி, நான் ஹேண்டில்பாரின் மேலாகப் பறந்து விழுந்ததில் காறை எலும்பு முறிந்தது. என்னை அந்த வேகத்துக்கு இழுத்துச் சென்றது துணைதான். ஆனால் கையிலிருந்த மாற்று ட்யூபைக் கழுத்தில் மாட்டி என் கையைத் தாங்கும்படி கட்டியவரும், தொழிலாளர் லயன் வீடுகளுக்கு இறங்கி ஓடிப் பிக்கப் வண்டியை அழைத்து வந்தவரும், என் பக்கத்திலேயே உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தவரும் அதே துணைகள்தாம். ஒன்றரை மணி நேரத்தில் மருத்துவமனையில் இருந்தேன். துணை வந்தால் விழும் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது, விழுந்தபின் கிடந்து தவிக்கும் நேரம் வெகுவாகக் குறைகிறது என்பதே என் கணக்கு.

அதனால்தான் இருவரைவிட மூவர் போவது நல்லது என்கிறேன். ஒருவர் அடிபட்டால் ஒருவர் அவரோடு இருக்கலாம், மற்றவர் உதவிக்குப் போகலாம். இருவராகப் போனால், அடிபட்டவரைத் தனியே விட்டுவிட்டுப் போக வேண்டிய நிலை வரும். பள்ளத்தாக்குப் பக்கம் இறங்கிவிட்டால் பல இடங்களில் கைப்பேசிக்குச் சிக்னல் இருக்காது. 108-ஐயும் 112-ஐயும் அங்கிருந்து அழைக்க முடியாது. வெளிநாட்டுக் காணொளிகளில் தனியாக ஓட்டுபவர்களுக்கெல்லாம் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியைப் பரிந்துரைப்பார்கள். அதைக் கேட்டு வாங்கிவிடாதீர்கள். நம் நாட்டில் அத்தகைய கருவியை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம், அதைக் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்திலேயே பிடிபட்டிருக்கிறார்கள். மலிவான ஒரு விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுவது மலையேறுபவர்களிடையே பல நாடுகளிலும் வழங்கும் ஆபத்துக் குறி. தேயிலை பறிப்பவர்களுக்கு அந்தக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. விசில் திரும்பத் திரும்பக் கேட்டால் யாராவது எட்டிப் பார்ப்பார்கள்.

விலங்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் வீட்டாரின் அச்சம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். செய்தித்தாள்கள் காட்டெருமை என்று எழுதும் காட்டுமாடும் கரடியும் கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குள் வருவது புதிதன்று. நடந்து போகிறவரின் அரவம் முன்கூட்டியே விலங்குக்குக் கேட்டுவிடுகிறது. சைக்கிளோ ஓசையில்லாமலும் வேகமாகவும் வந்து திருப்பத்தில் திடீரென்று அதன் முன்னே நிற்கிறது. ஒரு டன் எடையைத் தொடக்கூடிய காளையைத் திடுக்கிட வைப்பது விபரீதம். மூவர் பேசிக்கொண்டே போனால் அந்தப் பேச்சே எச்சரிக்கையாகிவிடும். தனியாகப் போகும்போது நான் ஹேண்டில்பாரில் ஒரு சிறு மாட்டு மணியைக் கட்டிக்கொள்கிறேன். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். காலை ஏழு மணிக்கு முன்பும் மாலை ஐந்து மணிக்குப் பின்பும் மண்பாதைக்கு நான் போவதேயில்லை. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர், நவம்பர் மாதங்களில், மூடுபனியும் வழுக்கும் செம்மண்ணும் சேர்ந்துவிட்டால், எத்தனை பேர் கூட வந்தாலும் போவதில்லை.

அனுமதி விஷயத்தில் தனியாள் பாடு எளிது. எஸ்டேட் கேட்டில் ஒற்றை ஆளாக நின்று வணக்கம் சொல்லி, எதுவரை போகிறோம் என்று சொன்னால் வாட்ச்மேன் பெரும்பாலும் விட்டுவிடுவார். பத்துப் பேர் ஹெல்மெட்டோடு வந்து நின்றால் மேனேஜரைக் கேட்காமல் திறக்கமாட்டார், திறக்கவும் கூடாது. காப்புக்காடு யாராயினும் அனுமதியில்லாமல் நுழையக்கூடாத இடம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் வனத்துறை காட்டிய கண்டிப்பில் நியாயம் இருக்கிறது.

இனி, துணையை எங்கே தேடுவது? கோவையிலும் சென்னையிலும் 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கும் பிரெவே எனப்படும் நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டக்காரர்கள் நிறைய இருக்கிறார்கள். முதலில் கண்ணில் படுபவர்களும் அவர்கள்தாம். அவர்களின் கால்வலுவில் குறையில்லை என்றாலும், உருளும் சரளைக் கல்லின்மீது பின்பக்கம் எடையைத் தள்ளி இறங்கும் பழக்கம் பலருக்கு இருப்பதில்லை. ஆகவே மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ கியர் சைக்கிள்களைச் சர்வீஸ் செய்யும் கடைக்காரரிடம், சேறு படிந்த சைக்கிளை விட்டுப் போகிறவர் யார் என்று கேளுங்கள். நீங்கள் தேடும் ஆள் அவர்தான்.

கிடைத்தவரை உடனே கடினமான பாதைக்கு அழைத்துப் போகாதீர்கள். எளிய பாதையில் ஒருமுறை சேர்ந்து ஓட்டினால் இரண்டு விஷயங்கள் தெரிந்துவிடும். பாதை பிரியும் இடத்தில் அவர் நிற்கிறாரா என்பது ஒன்று. நின்றாலும், நீங்கள் மூச்சிரைக்க வந்து சேர்ந்த அதே நொடியில் அவர் கிளம்பிவிடுகிறாரா என்பது இன்னொன்று. முன்னால் போகிறவருக்கு ஓய்வு கிடைத்து, பின்னால் வருபவருக்கு அது கிடைக்காமலே போவது இந்தச் சுற்றுகளில் மிகச் சாதாரணமாக நடக்கும் கொடுமை. பனி இறங்கும்போது முதலில் திரும்பலாம் என்று சொல்பவர் யாரோ, அவரை விட்டுவிடாதீர்கள்.

வீட்டாருக்கு நான் கொடுத்திருக்கும் உறுதி எளியது. தனியாகக் கிளம்பும்போது எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன், அந்தப் பாதையில் யாருக்கு எஸ்டேட் வாட்ச்மேன் வேலை, அவருடைய எண் என்ன என்பதை என் மனைவிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். சொன்ன நேரத்துக்கு மேல் ஒரு மணி நேரம் தாமதமானால் அவர் அந்த எண்ணை அழைப்பார். இடையில் மனம் மாறி வேறு பாதையில் திரும்பக்கூடாது என்பது இதிலுள்ள ஒரே நிபந்தனை. தனியாக ஓட்டும் சுகத்தில் பாதி அப்படித் திரும்புவதில்தான் இருக்கிறது என்பதால் எனக்கு மிகக் கடினமானதும் அதுவே. பம்ப், இரண்டு ட்யூப், டயர் லீவர், செயின் இணைப்பு ஒன்று, மல்டி டூல் ஆகியவற்றைக் கையாளப் பழகாமல் தனியாகக் கிளம்ப வேண்டாம்.

முதல் சுற்றாகக் கோத்தகிரியிலிருந்து கோடநாடு காட்சிமுனை வரை தனியாகப் போய்த் திரும்புங்கள். போக மட்டும் இருபது கிலோமீட்டருக்குள்தான் வரும், வழியெல்லாம் தேயிலைத் தோட்டங்களும் ஊர்களும் இருக்கின்றன. வழியில் ஏதாவது டீக்கடை வாசலில் சேறு படிந்த சைக்கிள் ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தால், நின்று ஒரு டீ சொல்லிவிட்டு அது யாருடையது என்று கேட்டுப் பாருங்கள்.