பெட்ரோல் பங்கில் எரிபொருளின் தரத்தை எழுதி வைப்பதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டுமா?

கட்டாயமாக்க வேண்டும் என்பதே என் பதில். ஆனால் ‘தரமான எரிபொருள்’ என்று பொதுவாக ஒரு பலகை மாட்டுவதால் எந்தப் பயனும் இல்லை. பெட்ரோலில் கலக்கும் ஆல்கஹாலான எத்தனால் (பெரும்பாலும் கரும்பு, தானியத்திலிருந்து எடுப்பது) எத்தனை சதவீதம், என்ஜினில் முன்கூட்டியே தானாக வெடிக்காமல் எரியும் தன்மையைக் காட்டும் ஆக்டேன் எண் எவ்வளவு என்ற இரண்டு எண்களும் நாசிலுக்குப் பக்கத்திலேயே கண்ணில் படும்படி இருக்க வேண்டும்.

நான் பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். 2012-இல் வாங்கிய கார்புரேட்டர் ஸ்கூட்டரை இன்னும் ஓட்டுகிறேன். சென்ற மழைக்காலத்தில், பெட்ரோல் நிரப்பிய மறுநாள் காலையில், அது பாதி வழியில் நின்றுவிட்டது. ஸ்ரீராமபுரத்தில் எனக்குப் பழக்கமான தமிழ் மெக்கானிக் ஒருவர் டேங்கிலிருந்ததை ஒரு தண்ணீர் பாட்டிலில் வடித்துக் காட்டினார். மேலே பெட்ரோல் தெளிவாக நிற்க, அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கலங்கலாக வேறொரு திரவம் தனியே தங்கியிருந்தது. “இது பங்க்லேருந்து வந்ததா, உங்க டேங்க் மூடி வழியா இறங்கினதான்னு யாராலயும் சொல்ல முடியாது சார்” என்றார். அவர் சொன்னது நியாயம்தான். எத்தனால் நீரை ஈர்த்துத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். நீர் ஓர் அளவைத் தாண்டியதும் எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். எத்தனால் கலக்காத பெட்ரோலிலும் நீர் அடியில்தான் தங்கும் என்றாலும், அப்போது எத்தனாலையும் இழுத்துக்கொண்டு இறங்குவதில்லை.

அன்று மாலை பங்குக்குப் போய், “இதில் எத்தனால் எவ்வளவு?” என்று கன்னடத்தில் கேட்டேன். பெட்ரோல் போடும் இளைஞர் இயந்திரத்தில் எழுதியிருந்த டென்சிட்டி (அடர்த்தி) எண்ணைச் சுட்டிக்காட்டினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவரிடம் காட்டுவதற்கு இருந்த எண் அது ஒன்றுதான். 15 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பெட்ரோலின் அடர்த்தி கன மீட்டருக்கு 720 முதல் 775 கிலோ வரை இருக்கலாம் என்று விதி அனுமதிக்கிறது. எத்தனாலின் அடர்த்தி பெட்ரோலைவிடச் சற்றே கூடுதல் என்பதால், இத்தனை அகலமான வரம்புக்குள் கலவையின் விகிதம் தெரியாமல் மறைந்துவிடும். டேங்கரில் வந்த சரக்கு இடையில் மாற்றப்பட்டதா என்று சரிபார்க்க டென்சிட்டி உதவும். உள்ளே என்ன இருக்கிறது என்பதை அது சொல்லாது. ஃபில்டர் பேப்பர் சோதனையும் அப்படித்தான். பேப்பரில் விட்ட பெட்ரோல் துளி ஆவியான பிறகு கறை தங்கினால் மண்ணெண்ணெய் போன்ற கலப்படத்தைச் சந்தேகிக்கலாம், எத்தனாலோ கறையே விடாமல் ஆவியாகிவிடும்.

20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோலைப் பிரதமர் அறிமுகப்படுத்தியதும் இதே பெங்களூரில்தான், 2023 பிப்ரவரி 6 அன்று. அப்போது அது 84 பங்குகளில் மட்டுமே கிடைத்தது. இன்று நாடு முழுவதும் அதுவே வழக்கமான பெட்ரோல். நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கையே, இ10-க்கு (10 சதவீத எத்தனால் கலவைக்கு) ஏற்பச் சீரமைக்கப்பட்ட பழைய கார்களில் 6 முதல் 7 சதவீதமும், இரு சக்கர வாகனங்களில் 3 முதல் 4 சதவீதமும் மைலேஜ் குறையலாம் என்று கூறியது. என் ஸ்கூட்டருக்கு அது பெரிய இழப்பில்லை. ஆனால் வாடகைக் கார் ஓட்டுபவருக்கு அது மாதக் கணக்கில் தெரியும்.

எந்த அளவு எத்தனால் கலவைக்கு வாகனம் ஏற்றது என்பதை ஸ்டிக்கராக வாகனத்தில் ஒட்ட வேண்டும் என்று சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 மார்ச்சிலேயே அறிவிக்கை வெளியிட்டுவிட்டது. ஆக, குடிக்கும் வண்டிக்கு லேபிள் உண்டு, ஊற்றும் இயந்திரத்துக்கு இல்லை. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க முடியாதபோது வண்டியில் இருக்கும் ஸ்டிக்கரை வைத்துக்கொண்டு வாங்குபவர் என்ன செய்வார்? காலையில் வாங்கும் பால் பாக்கெட்டில்கூடக் கொழுப்பு 3 சதவீதம், இதர திடப்பொருள் 8.5 சதவீதம் என்று அச்சிட்டிருக்கிறார்கள்.

எத்தனால் இல்லாத பெட்ரோலும் விற்கப்பட வேண்டும், பங்குகளில் எத்தனால் அளவை எழுதி வைக்க வேண்டும் என்று கோரிய பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது. என் பார்வையில் அவை இரண்டு வெவ்வேறு கோரிக்கைகள். எதை விற்பது என்பது கரும்பு விவசாயிகள், அந்நியச் செலாவணி எனப் பலவற்றை எடைபோட்டு அரசு எடுக்கும் முடிவாக இருக்கட்டும். விற்பது எது என்று சொல்வதற்கு அந்த வாதங்கள் எதுவும் குறுக்கே நிற்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 அக்டோபர் முதல் பெட்ரோலுக்கு வட்டம், டீசலுக்குச் சதுரம் என்று பங்கிலும் புதிய வாகனங்களின் மூடியிலும் ஒரே குறியீடு இருக்கிறது. அமெரிக்காவில் ஆக்டேன் எண்ணை மஞ்சள் லேபிளில் காட்டியாக வேண்டும்.

நாடெங்கும் 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 என்ற மாசுக் கட்டுப்பாட்டுத் தரத்துக்கேற்ற எரிபொருள்தானே, பிறகு எதற்கு லேபிள் என்று நண்பர் ஒருவர் கேட்டார். கந்தகத்தின் அளவு 50-இலிருந்து 10 பிபிஎம்-ஆக (பத்து லட்சத்தில் 10 பங்காக) குறைந்தது உண்மையிலேயே பெரிய முன்னேற்றம். ஆனால் அது குறைந்தபட்சத் தகுதியைத்தான் சொல்கிறது. அந்தத் தகுதிக்குள்ளேயே சாதாரண ஆக்டேனும் இருக்கிறது, 100 ஆக்டேனும் இருக்கிறது.

சட்டம் வந்தாலும் யாரும் சோதிக்காவிட்டால் லேபிள் வெறும் ஸ்டிக்கர்தான். அளவு குறைவாகத் தெரிந்தால் 5 லிட்டர் அளவையில் ஊற்றிக் காட்டச் சொல்லும் உரிமை நமக்கு இருப்பதுபோல, எத்தனால் அளவையும் அங்கேயே சோதித்துக் காட்டச் சொல்லும் உரிமை அதே விதியில் சேர்க்கப்பட வேண்டும். அளவுக் கோடிட்ட கண்ணாடிக் குழாயில் பெட்ரோலையும் நீரையும் குலுக்கி வைத்தால், நீர்ப் பகுதி எவ்வளவு உயர்கிறது என்பதிலிருந்து தோராயமான விகிதம் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை.

இப்போதைக்கு, மெக்கானிக் சொன்னபடி, மழைக்காலத்தில் டேங்கைப் பாதிக்குக் கீழே இறங்க விடுவதில்லை. மூடியின் ரப்பர் வாஷரையும் மாற்றிவிட்டேன். 40 ரூபாய் ஆனது.