கடலோரத்தில் கார் வைத்திருப்பவர்கள் என்ன டூல்ஸ் வாங்கலாம்? கேள்வி பதில்

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் ஜூன் 14 வரை 61 நாளைக்கு விசைப்படகுகள் கரையில்தான். அந்த நாட்களில் வீட்டில் இருக்கிற தம்பிகள் பலர் காரைத் தாங்களே பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்குகிறார்கள். போட் இன்ஜின் வேலையும் கார் வேலையும் இரண்டும் செய்கிறவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். மண்டபத்திலிருந்து தொண்டி வரை வந்த கேள்விகளை இங்கே சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

உச்சிப்புளியிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, பழைய ஆல்டோ ஒன்று வாங்கியிருக்கிறேன். ஆன்லைனில் 108 பீஸ் டூல் செட் பெட்டியோடு கிடைக்கிறது. அதையே வாங்கிவிடலாமா?

வேண்டாம் தம்பி. அந்த 108-ல் பாதிக்கு மேல் சின்னச் சின்ன பிட்டுகள்தான் இருக்கும். நம் ஊரில் ஓடுகிற மாருதி, ஹூண்டாய் எதை எடுத்தாலும் அடிக்கடி கை வைக்கிற போல்ட் எல்லாம் 8, 10, 12, 14, 17, 19 மில்லிமீட்டர் என்ற அளவுகளுக்குள் அடங்கிவிடும். பேட்டரி டெர்மினலே 10-தான்.

முதலில் இரட்டை வாய் ஸ்பேனர் செட் ஒன்று, ரிங் ஸ்பேனர் செட் ஒன்று வாங்கு. கடையில் எட்டு ஸ்பேனர் செட்டாக 6-7, 8-9, 10-11 என்று 20-22 வரை வரும். இரண்டு செட்டும் எதற்கு என்று கேட்பாய். போல்ட்டும் நட்டும் ஒரே அளவாக இருக்கும் இடத்தில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் திருப்ப வேண்டும். ஒரே செட் வைத்திருந்தால் இரண்டாவது 12-க்கு எங்கே போவாய்? இறுகிய போல்ட்டை ரிங்கால் கழற்று. வாய் ஸ்பேனர் இரண்டு பக்கம் மட்டும்தான் பிடிக்கும், முனையை உருட்டிவிடும்.

அப்புறம் ராட்செட்டோடு (ஒரு பக்கம் மட்டும் திருப்பும் கைப்பிடி) ஒரு சாக்கெட் செட் (நட்டின்மேல் கவிழ்த்து மாட்டும் குழல்கள்), நல்ல நட்சத்திரத் திருப்புளி ஒன்று, தட்டைத் திருப்புளி ஒன்று, கட்டிங் பிளேயர், எல் கீ செட். ஒரு வருடத்துக்கு இது போதும். மிச்சத்தை வேலை வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.

அதே தம்பி: சாக்கெட் செட் கால் இஞ்ச்சா, அரை இஞ்ச்சா?

இந்த இஞ்ச் கணக்கு, சாக்கெட்டில் ராட்செட் மாட்டும் சதுரத் துளையின் அளவு. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அரை இஞ்ச். வீல் நட்டு, சஸ்பென்ஷன் எல்லாவற்றுக்கும் அதுதான் தாங்கும். டேஷ்போர்டு, ஏர் பில்டர் பெட்டி மாதிரி சின்ன வேலைக்கு கால் இஞ்ச்சை அடுத்த வருடம் எடுத்துக்கொள். ஒரு விஷயத்தை மட்டும் கடையில் பார்த்து வாங்கு. சாக்கெட்டின் உள்ளே ஆறு மூலை இருக்க வேண்டும். பன்னிரண்டு மூலை உள்ளது மாட்ட சுலபம், ஆனால் துருப்பிடித்த நட்டில் வழுக்கும். நம் கரையில் துருப்பிடிக்காத நட்டு ஏது?

ராமேஸ்வரத்திலிருந்து ஒரு தங்கை: அண்ணா, போன தீபாவளிக்குப் பளபளவென்று வாங்கிய ஸ்பேனர் செட், பொங்கலுக்குள் புள்ளி புள்ளியாகத் துரு. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

ஏமாற்றியிருக்க வேண்டும் என்பதில்லை அம்மா. மேலே இருக்கும் அந்தப் பளபளப்பு குரோம் பூச்சு. மிக மெல்லியது. அதில் கண்ணுக்குத் தெரியாத ஊசித் துளைகள் இருக்கும். வெளியூரில் அதனால் பெரிய கெடுதல் இல்லை. இங்கே காற்றோடு உப்பு வந்து படிகிறது. உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றில் ஈரம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அதுவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். வாடைக்காற்று அடிக்கிற ராத்திரிகளில் உங்கள் ஸ்பேனர்மேல் ஒரு மெல்லிய உப்புத்தண்ணீர்ப் படலம் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறது. அந்தத் தண்ணீர் ஊசித் துளை வழியாக உள்ளே இறங்கி, குரோமை விட்டுவிட்டு அடியில் உள்ள இரும்பைத் தின்னும்.

ஒரு ஸ்பேனரை டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். முதலில் கடுகளவு பழுப்புப் புள்ளி தெரியும். நகத்தால் சுரண்டினால் போய்விடும். விட்டுவிட்டால் அந்த இடம் கொப்புளம் மாதிரி மேலே எழும்பும். பிறகு மீன் செதில் போல உரிந்து நிற்கும். அந்த விளிம்பு பிளேடு மாதிரி கூர்மை, உள்ளங்கையைக் கிழித்துவிடும். அப்படி உரிந்த ஸ்பேனரைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இனி செய்ய வேண்டியது இதுதான். வேலை முடிந்ததும் டூல்ஸை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். உங்கள் பக்கம் போர் தண்ணீரே உப்பு, அது வேண்டாம். குடிக்கிற தண்ணீரில் ஒரு செம்பு போதும். வெயிலில் நன்றாகக் காயவைத்து, புது இன்ஜின் ஆயிலை ஒரு துணியில் தொட்டு ஸ்பேனர்மேல் மெல்லியதாகத் தடவுங்கள். கையில் பிசுபிசுவென்று ஒட்டக் கூடாது, தொட்டால் எண்ணெய் இருப்பது தெரிந்தால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் கெட்டுப்போகும். காரிலிருந்து வடித்த பழைய ஆயிலும் வேண்டாம். அதில் அமிலமும் கழிவும் கலந்திருக்கும், தோலுக்கும் கெடுதல்.

பெட்டிக்குள் ஸ்பாஞ்ச் இருந்தால் பிய்த்து எறியுங்கள். ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்வது அதுதான். ரப்பர் விளிம்பு உள்ள இறுக்கமான மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் எண்ணெய்த் துணியைச் சுற்றி வையுங்கள். செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து வைத்து உள்ளே போடலாம். காரின் டிக்கியில் நிரந்தரமாக வைக்காதீர்கள். தனுஷ்கோடி போய்விட்டு வந்த வண்டியின் டிக்கியில் உப்பு ஈரம் எத்தனை நாள் நிற்கிறது என்று தடவிப் பார்த்தாலே தெரியும்.

கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி: காக்கா, அப்படியானால் ஸ்டெயின்லெஸ் ஸ்பேனரே வாங்கிவிட்டால் என்ன?

கார் வேலைக்கு வேண்டாம் வாப்பா. வழக்கமாகக் கிடைக்கும் ஸ்டெயின்லெஸ், நல்ல ஸ்பேனர் செய்கிற குரோம் வெனேடியம் எஃகைவிட மென்மை. இறுகிய நட்டில் வாய் விரிந்துவிடும். உப்பில் அதுவும் புள்ளி விழும்.

பாம்பனிலிருந்து: வீல் நட்டு அசையவே இல்லை. வண்டியோடு வந்த வீல் ஸ்பேனர் வளைந்துவிட்டது. பைப் மாட்டித் திருப்பலாமா?

வண்டியோடு வரும் அந்த எல் வடிவ ஸ்பேனர் அவசரத்துக்கு மட்டும்தான். அரை இஞ்ச்சில் ஒன்றரை அடியிலிருந்து இரண்டு அடி நீளத்துக்கு பிரேக்கர் பார் என்று ஒன்று கிடைக்கும். அதையும் உங்கள் நட்டின் அளவுக்கு ஆறு மூலை சாக்கெட் ஒன்றையும் வாங்குங்கள். மாருதியில் பெரும்பாலும் 19, ஹூண்டாயில் 21. இந்த ஒரு வாங்கல் உங்களுக்குப் பத்து வருடம் உதவும். ராட்செட்டில் பைப் மாட்டாதீர்கள், உள்ளே இருக்கும் பல் தெறித்துவிடும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு ராத்திரி, மழை. என் கையில் இருந்தது பன்னிரண்டு மூலை சாக்கெட். அவசரத்தில் ஏறி மிதித்தேன். நட்டு கழலவில்லை, மூலைகள் மழுங்கி உருண்டையாகிவிட்டது. காலையில் உளி வைத்து வெட்டித்தான் எடுத்தேன், கூடவே நட்டு ஏறுகிற மரைக் கம்பி, அதாவது ஸ்டட் ஒன்றும் போனது. பையில் சரியான சாக்கெட் இருந்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள், அதற்கப்புறம்தான் ஜாக்கி. துரு இளக்கும் ஸ்பிரே அடித்தால் கால் மணி நேரமாவது காத்திருங்கள். டபிள்யூடி-40 என்ற பெயரின் பொருளே தண்ணீரை விலக்கும் நாற்பதாவது கலவை என்பதுதான். ஈரத்தை விரட்ட நல்லது, ஆனால் கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் அதை நம்பி விட்டுவிடாதீர்கள். திரும்ப மாட்டும்போது ஸ்டட் மரையை கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். மரையில் எண்ணெயோ கிரீஸோ வேண்டாம். வழுக்கல் கூடினால் அதே பலத்தில் நட்டு அளவுக்கு மீறி இறுகும். அலாய் வீல் ஒட்டிக்கொள்கிற ஹப் (சக்கரம் பொருந்தும் நடுப்பகுதி) முகத்தில் மட்டும் மெல்லியதாகக் கிரீஸ் தடவலாம்.

அதே பாம்பன்காரர்: அப்படியானால் டார்க் ரெஞ்ச் அவசியமா?

எவ்வளவு பலத்தில் இறுக்க வேண்டும் என்று அளவு வைத்து இறுக்கும் கருவி அது. சக்கரத்தைக் கழற்றி மாட்டுகிறவர் என்றால் ஆம். சின்னக் கார்களுக்கு வீல் நட்டு பொதுவாக 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும், உங்கள் வண்டியின் கையேட்டில் சரியான எண் இருக்கும். இறுக்க மட்டும் பயன்படுத்துங்கள், கழற்ற வேண்டாம். வேலை முடிந்ததும் அளவைக் கீழே உள்ள குறைந்தபட்ச எண்ணுக்கு இறக்கி வையுங்கள்.

தேவிபட்டினத்திலிருந்து: வீட்டு முன்னால் முழுக்க மணல். ஜாக்கி புதைகிறது. எந்த ஜாக்கி வாங்கலாம்?

எந்த ஜாக்கி வாங்கினாலும் மணலில் புதையும். அடியில் போட ஒன்றரை அடிச் சதுரத்தில், ஒன்றரை இஞ்ச் கனத்தில் ஒரு மரப்பலகையை முதலில் தயார் செய்யுங்கள். பழைய படகுப் பலகை கிடைத்தால் இன்னும் நல்லது. பலகைக்கு அடியில் மணலைச் சமப்படுத்தி, தண்ணீர் தெளித்து மிதித்துக் கெட்டியாக்குங்கள். மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள்.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு இல்லை. அதை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள், ஒரு நிமிடம் கூட வேண்டாம். தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் ஜாக்கி ஸ்டாண்டு இரண்டு வாங்குங்கள். ஹைட்ராலிக் ஜாக்கியின் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் எப்போது விடும் என்று யாருக்கும் தெரியாது. ஸ்டாண்டும் மணலில் சாயும், அதற்கும் பலகை வேண்டும். முடிந்தால் சிமெண்ட் தளம் உள்ள பக்கத்து வீட்டில் கேட்டு வண்டியை அங்கே கொண்டுபோய் வேலை பாருங்கள். செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் முட்டுக்கொடுக்காதீர்கள், திடீரென்று நொறுங்கிவிடும். டூல்ஸுக்கு வைத்திருக்கும் பணத்தில் பாதி ஸ்டாண்டுக்கும் பலகைக்குமே போனாலும் பரவாயில்லை.

தொண்டியிலிருந்து ஒரு தம்பி: பேட்டரியில் ஓடும் இம்பாக்ட் ரெஞ்ச் வாங்க ஆசை.

நட்டைத் தட்டித் தட்டித் திருப்பும் மெஷின் அது, ஆசை நியாயம்தான். ஆனால் பளபளக்கும் சாதா சாக்கெட்டை அதில் மாட்டாதே, தெறித்துக் கண்ணைக் கெடுத்துவிடும். கறுப்பு நிற இம்பாக்ட் சாக்கெட் தனியாக வாங்க வேண்டும், கண்ணாடியும் போட வேண்டும். கழற்றுவதற்கு மட்டும் பயன்படுத்து, இறுக்குவது கையால்.

ஏர்வாடியிலிருந்து ஒரு அக்கா: தம்பி, ஸ்பேனர் பிடிக்கிற வேலை எனக்கு வராது. ஆனால் வண்டி நான்தான் ஓட்டுகிறேன். எனக்கு என்ன தேவை?

மூன்றே பொருள் அக்கா. பிரஷர் கேஜ், 12 வோல்ட் பிளக்கில் மாட்டும் காற்றுப் பம்ப், டிஜிட்டல் மல்டிமீட்டர். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பேட்டரியில் மீட்டரை வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 பக்கம் வந்துவிட்டால் பாதிதான் இருக்கிறது. வண்டி நிற்க, இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும், அதற்குக் குறைந்தால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டரை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். புது வண்டிகள் சிலவற்றில் இது கொஞ்சம் ஏறி இறங்கும். டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி, காய்ந்ததும் வாஸ்லின் தடவினால் போதும்.

ராமநாதபுரத்திலிருந்து: ஒரே கம்பெனி பெயரில் இரண்டு விலையில் ஸ்பேனர் இருக்கிறது. போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

வீட்டிலிருந்து புது 10, 12, 14 போல்ட் மூன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். ஸ்பேனரை மாட்டி ஆட்டிப் பாருங்கள். நல்லதில் ஆட்டம் மிகக் குறைவு, போலியில் லொடலொடவென்று ஆடும். எழுத்துகள் எஃகிலேயே புடைத்தோ ஆழமாகப் பதிந்தோ இருக்க வேண்டும், மேலோட்டமாக அச்சடித்தது நம்பிக்கைக்குரியது இல்லை. வாயின் உள்பக்கம் சீராகக் கடைந்திருக்கிறதா பாருங்கள். பில் கேளுங்கள். தயங்குகிற கடையில் வாங்காதீர்கள். முதல் செட்டையாவது கையில் பிடித்துப் பார்த்து வாங்குவது நல்லது, இரண்டாவதை ஆன்லைனில் எடுக்கலாம்.

மண்டபத்திலிருந்து ஒரு மருமகன்: மாமா, அப்பாவின் போட் டூல்ஸ் ஒரு சாக்கு நிறைய இருக்கிறது. அதையே காருக்குப் பயன்படுத்தினால் என்ன?

பழைய போட் இன்ஜின்களின் ஸ்பேனர்களில் நிறைய இஞ்ச் கணக்கு, மாப்பிள்ளை. சில அளவு ஒத்துப்போகும். முக்கால் இஞ்ச், அதாவது ஆறு நூல் (ஒரு நூல் என்பது இஞ்ச்சில் எட்டில் ஒரு பங்கு), 19.05 மில்லிமீட்டர். 19 நட்டில் தாராளமாக உட்காரும். ஐந்து நூல் 15.9, அது 16-க்குக் கிட்டத்தட்ட சரி, கொஞ்சம் இறுக்கமாக இருக்கலாம். அரை இஞ்ச்தான் ஆளை ஏமாற்றும். அது 12.7. கார் போல்ட்டில் 12-ல் மாட்டினால் 0.7 மில்லிமீட்டர் ஆட்டம், முனை உருண்டுவிடும். 13-ல் ஏறவே ஏறாது.

ஞாயிற்றுக்கிழமை சாக்கைக் கொட்டு. அளவு எண்ணைத் துணியால் துடைத்துப் படி. இஞ்ச் ஸ்பேனர் எல்லாவற்றின் நடுவிலும் சிவப்புப் பெயிண்ட் ஒரு கோடு அடித்து, தனி டப்பாவில் எண்ணெய் தடவி வை. அப்பாவின் சுத்தியல், உளி, கட்டிங் பிளேயர் மூன்றையும் கார் பெட்டிக்கு எடுத்துக்கொள். அந்தக் காலத்துச் சுத்தியலுக்குக் கைப்பிடி மட்டும் மாற்றினால் போதும், புதிதாக வாங்க வேண்டாம்.